சென்னப்பட்டணத்தின் குடிநீர், சாக்கடை, கொள்ளைநோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை பளிச்சென்று இருந்தது" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். "அவன் நமக்கென்று ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை" என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பினரும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். கீழே உள்ள பதில்கள் இரு தரப்புக்கும் கொஞ்சம் எரிச்சலூட்டலாம்.

தெருவைச் சுத்தம் செய்வது அரசாங்கத்தின் வேலை என்று சென்னையில் எப்போது முடிவானது?

ஜார்ஜ் கோட்டை எழும்பி நாற்பது ஆண்டுகள் ஆவதற்குள். கோட்டைக்கு வடக்கே ஒட்டியபடி வணிகர்களும் நெசவாளர்களும் துபாஷிகளும் (இருமொழி பேசி இடைத்தரகு செய்தவர்கள்) குடியேறிய பகுதியை ஆங்கிலேயர் கறுப்பர் பட்டணம் என்று அழைத்தார்கள். (அந்தப் பழைய பட்டணத்தைப் பிறகு இடித்துத் தள்ளிவிட்டார்கள். அது இருந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது.) 1678இல் ஆளுநரான ஸ்ட்ரேன்ஷம் மாஸ்டர் குப்பை அள்ளும் செலவுக்காக வீட்டுக்கு வீடு வரி விதித்தார். மக்கள் கட்ட மறுத்தார்கள். அடுத்து வந்தவர்கள் வரியை வற்புறுத்தியபோதெல்லாம் எதிர்ப்பும் கூடவே வந்தது.

இந்தத் தகராறுதான் சென்னை மாநகராட்சி பிறக்க ஒரு காரணம். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையில் இருந்த ஜோசையா சைல்டு போட்ட கணக்கு எளிமையானது. நாம் வரி கேட்டால் முறைக்கிறார்கள், அவர்களுடைய ஊர்ப் பெரிய மனிதர்களையே கேட்க வைத்தால் கட்டிவிடுவார்கள். 1688இல் மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மேன்களும் (மன்றத்தின் மூத்த உறுப்பினர்கள்) பதவியேற்றார்கள். ஆங்கிலேயர், போர்த்துகீசியர், யூதர், இந்து வணிகர் என்று எல்லாருக்கும் அதில் இடம் இருந்தது. சிவப்பு அங்கி, வெள்ளிச் செங்கோல், ஊர்வலம் எல்லாம் அமர்க்களமாக நடந்தன. வரி மட்டும் வரவில்லை. சாக்கடை கட்டும் திட்டம் காகிதத்திலேயே தங்கியது.

மக்கள் ஏன் மறுத்தார்கள்? சுத்தம் வேண்டாம் என்றா?

இல்லை. பணம் தங்கள் தெருவுக்குத் திரும்பி வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. அடுத்த இருநூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் வீண் என்று சொல்ல முடியவில்லை.

ஏழுகிணறு என்ற பெயர் எப்படி வந்தது?

உண்மையாகவே கிணறுகள்தான். புதிய கறுப்பர் பட்டணத்தின் வடக்குக் கோடியில் நல்ல ஊற்று கிடைத்த இடத்தில் 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் பத்துக் கிணறுகள் தோண்டினார். அவற்றில் ஏழு மட்டும் கைகொடுத்தன. ஏற்றம் போட்டு நீர் இறைத்துக் குழாய் வழியே கோட்டைக்கு அனுப்பினார்கள். சென்னையின் முதல் குழாய் நீர் ஏற்பாடு இதுவே.

இதில் கவனிக்க வேண்டியது குழாய் போன திசை. தண்ணீர் ஊறியது கறுப்பர் பட்டணத்தில், போய்ச் சேர்ந்தது சிப்பாய்களுக்கும் கப்பல்களுக்கும். பட்டணத்து மக்கள் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பியிருந்தார்கள். வள்ளலார் இளமைக் காலத்தில் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு இந்தக் கிணறுகளுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. முற்றுகை வந்தாலும் கோட்டைக்குத் தண்ணீர் அறுந்துபோகக் கூடாது என்ற படைக் கணக்கில் பிறந்த ஏற்பாடு அது. அதைப் பொதுநலப் பணி என்று கொண்டாடுவது கொஞ்சம் அதிகம்.

ஊர் மக்களுக்காக யாருமே கிணறு வெட்டவில்லையா?

வெட்டினார்கள். சென்னைக் கலெக்டராக இருந்த எஃப். டபிள்யூ. எல்லிஸ், 1818இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது நகரத்தில் இருபத்தேழு கிணறுகள் வெட்டினார். திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எழுதிய அதே எல்லிஸ்தான். ராயப்பேட்டையில் ஒரு கிணற்றருகே வைத்த தமிழ்ப் பாடல் கல்வெட்டில் அவர் சேர்த்த குறள் இது:

இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும்
வல்லரணும் நாட்டிற்கு உறுப்பு

நாடு அதிகாரத்துக் குறளைக் கிணற்றுக் கல்லில் பொறித்த கலெக்டர் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் இது ஒரு மனிதரின் ஈடுபாடு. அடுத்த ஆண்டே அவர் இறந்துவிட்டார். நகரத்துக்கென ஒரு நிலையான குடிநீர்த் திட்டம் வர இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது.

செங்குன்றம் தண்ணீர் எப்போது வந்தது? அதோடு பிரச்சினை தீர்ந்ததா?

1872இல் வந்தது. கொசத்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்குக் கொண்டுபோய், ஏரியிலிருந்து திறந்த வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு விட்டார்கள். அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்கள் நகருக்குள் பிரிந்தன. அன்று சென்னையின் மக்கள்தொகை நான்கு லட்சத்தை ஒட்டியிருந்தது.

வந்தது தண்ணீர், தீர்ந்தது பாதிப் பிரச்சினை. மேடு பள்ளத்தை நம்பி ஓடிய நீர் என்பதால் குழாயில் அழுத்தம் போதவில்லை. கடைக்கோடித் தெருக்களில் குழாய் சொட்டியது. வடிகட்டும் வசதி கிடையாது. வாய்க்காலோ மூடாத வாய்க்கால். மாடு இறங்கும், மழையில் வயல் சேறு கரைந்து வரும். அதே நீர் கலங்கலாகக் குழாயில் எட்டிப் பார்க்கும்.

இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. ஊருக்குள் வரும் தண்ணீர் வெளியேறியாக வேண்டும். கிணற்றில் குடம் குடமாக இறைத்த காலத்தில் வீட்டுக் கழிவுநீர் கொஞ்சம்தான். குழாய் வந்ததும் அது பெருகியது. வெளியேற வழியில்லை. தெருவோரத் திறந்த சாக்கடையில் தேங்கி, மண்ணில் ஊறி, மறுபடியும் அதே தெருக் கிணற்றுக்குள் இறங்கியது. நகரம் முழுமைக்குமான பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910ஐ ஒட்டித்தான் உருவானது. தண்ணீருக்கும் சாக்கடைக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் இருந்தவர்கள்தான் காலராவில் செத்தவர்கள்.

மேட்லி என்ற பெயரை அடிக்கடி கேள்விப்படுகிறோம். யார் அவர்?

மாம்பலத்துக்காரர்களுக்கு அது ரயில்பாதைக்குக் கீழே போகும் சுரங்கச் சாலையின் பெயர். ஜே. டபிள்யூ. மேட்லி சென்னைக் குடிநீருக்கும் சாக்கடைக்கும் இன்றைய உருவத்தைக் கொடுத்த பொறியாளர். செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம் வரை மூடிய கட்டுமான வாய்க்கால், அங்கே மணல் வடிகட்டிகள், நீராவியால் இயங்கும் பம்புகள், உயர்நிலைத் தொட்டி. 1914இல் வடிகட்டிய நீர் நகருக்குள் பாயத் தொடங்கியது.

1961இல் நகர மக்கள்தொகை ஆறு லட்சத்து அறுபதாயிரம் இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் போதும் என்பது அவருடைய திட்டக் கணக்கு. 1941 கணக்கெடுப்பிலேயே சென்னை ஏழே முக்கால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. 1961இல் பதினேழு லட்சத்துக்கும் மேல். மேட்லியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. 1901க்கும் 1911க்கும் நடுவில் நகரம் பத்தாயிரம் பேருக்குச் சற்றுக் குறைவாகத்தான் வளர்ந்திருந்தது, அதை வைத்துக் கணக்குப் போட்ட எவரும் அந்த எண்ணுக்குத்தான் வந்திருப்பார்கள். குறை, கணக்குப் பொய்த்த பிறகும் அதே குழாய்களை இழுத்துக்கொண்டே போனவர்களுடையது. பூண்டி நீர்த்தேக்கம் 1944இல்தான் முடிந்தது. மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கூவம் எப்போதிலிருந்து நாறுகிறது?

பலர் நினைப்பதைவிட வெகு காலமாக. 19ஆம் நூற்றாண்டிலேயே கூவத்தின் நாற்றம் பற்றி ஆங்கிலேயர் புலம்பியிருக்கிறார்கள்.

முதல் காரணம் நிலத்தின் அமைப்பு. சென்னை தட்டையான ஊர், கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே. தானாகச் சரிந்து ஓட எந்தச் சாக்கடைக்கும் போதிய சரிவு கிடையாது. அதனால்தான் மேட்லியின் திட்டத்தில் கழிவுநீரைக் கிணறுகளில் சேர்த்து, ஒரு வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்துக்குப் பம்பு வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. பம்பு நின்றால் ஊர் நின்றது. அது இன்றைக்கும் பொருந்தும்.

இரண்டாவது காரணம் துறைமுகம். இதைத்தான் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. அதுவரை சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகுகள் அலையில் எகிறி ஆட்களையும் சரக்கையும் கரை சேர்க்கும். 1870களின் நடுவில் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமானது. வடக்கே மணல் கிடைக்காமல் ராயபுரம் கரையைக் கடல் தின்றது. குவிந்த மணலின் நடுவே அகப்பட்டுக்கொண்டது கூவத்தின் முகத்துவாரம். முன்பும் கோடையில் மணல்மேடு வாயை அடைப்பதுண்டு. துறைமுகம் வந்த பிறகு அது மோசமானது. மழைக்காலத்தில் மட்டும் வாய் திறக்கும் ஆற்றில் ஊர்ச் சாக்கடையை விட்டால் நாறாமல் என்ன செய்யும்? நாம் மாலையில் காற்று வாங்கும் மணலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் ஆறும் ஒரே பொறியியலின் இரு விளைவுகள்.

மலம் அள்ளும் வேலையை யார் செய்தார்கள்?

மாநகராட்சி அறிக்கைகளில் பொறியாளர்களுக்குப் பெயர் உண்டு, சுகாதார அலுவலருக்குப் பெயர் உண்டு, வண்டி மாடுகளுக்குக்கூடச் செலவுக் கணக்கு உண்டு. இவர்களுக்குப் பெயர் கிடையாது.

எடுப்புக் கக்கூஸ் எப்படி இருக்கும் என்று இன்றைய தலைமுறைக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிட வேண்டும். வீட்டின் பின்கோடியில் மேடை, அதில் ஒரு துளை, கீழே தகரம் அல்லது வெறும் தரை. பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு திறப்பு, அது பின்புறச் சந்துப் பக்கம் பார்த்திருக்கும். காலையில் தொழிலாளி அந்தச் சந்து வழியே வந்து, குனிந்து, திறப்புக்குள் கையை விட்டுத் தகரத் துண்டால் சுரண்டி, சாம்பல் தூவி, வாளியிலோ கூடையிலோ வாரித் தலையில் சுமந்துபோய் வண்டியில் கொட்டுவார். பெரும்பாலும் பெண்கள். மழைநாளில் கூடை ஒழுகும். வீட்டுக்காரர் கண்ணில் அவர் படாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சந்துகள். பழைய தெருக்களின் பின்னால் அவற்றை இன்னும் பார்க்கலாம்.

இந்த வேலை பிறப்பால் சுமத்தப்பட்டது. சாதியை ஆங்கிலேயர் உண்டாக்கவில்லை, ஆனால் அதையே ஒரு நகராட்சித் துறையாக்கிச் சம்பளப் பட்டியலில் ஏற்றினார்கள். தெலுங்கு பேசும் தலித் மக்கள் பெருமளவில் இதில் சேர்க்கப்பட்டார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் நகராட்சிச் சட்டங்கள் சிலவற்றில், துப்புரவுத் தொழிலாளி முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராமல் இருப்பதே குற்றம். குமாஸ்தா வராவிட்டால் சம்பளம் போகும், இவர் வராவிட்டால் சிறை.

பாதாளச் சாக்கடை வந்தும் எடுப்புக் கக்கூஸ் உடனே ஒழியவில்லை. இணைப்புக்கு வீட்டுக்காரர் பணம் செலவழிக்க வேண்டும், கூலியாள் மலிவு. விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அது நீடித்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இலும், இன்னும் விரிவான சட்டம் 2013இலும் வந்தன. ஆள்நுழைவுக் குழிக்குள் இறங்கிச் சாகும் செய்தி அதன் பிறகும் நாளிதழ்களில் வந்துகொண்டிருக்கிறது.

அம்மை குத்துவதை மக்கள் எதிர்த்தது மூடநம்பிக்கையால்தானே?

அப்படித்தான் அன்றைய அதிகாரிகள் எழுதிவைத்தார்கள், நாமும் கிளிப்பிள்ளை போலச் சொல்கிறோம். மாரியம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளை விரட்டக் கூடாது என்ற நம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் குத்திய முறையையும் பாருங்கள்.

1802இல் இந்தியாவுக்கு வந்த ஜென்னரின் தடுப்பு முறையில் மருந்துப் புட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் குத்தினால் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் பழுக்கும். அம்மை குத்துபவர் திரும்பி வந்து அந்தக் கொப்புளத்தைக் கீறி, நிணநீரை எடுத்து, அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார். கைக்குக் கை. வெயிலில் மருந்து கெட்டுவிடும் என்பதால் வேறு வழியில்லை. புண்ணான பிள்ளையின் கையை மறுபடியும் கீற எந்தத் தாய் சம்மதிப்பாள்? முன்பின் தெரியாத குழந்தையின் சீழ் தன் பிள்ளை உடம்பில் ஏறுவதில் சாதித் தீட்டு என்ற அச்சமும் இருந்தது, வேறு நோய் தொற்றும் என்ற அச்சமும் இருந்தது. பின்னது மருத்துவர்களே ஒப்புக்கொண்ட ஆபத்து.

எதிர்ப்பை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. சுவாமி நாயக் என்ற தமிழக மருத்துவ உதவியாளர் அந்தத் தொடக்க ஆண்டுகளிலேயே ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கானோருக்கு அம்மை குத்தினார். பிறகு கன்றுக்குட்டியிலிருந்து நிணநீர் எடுக்கும் முறை வந்தது. டபிள்யூ. ஜி. கிங் அதை லானோலினில் (ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு) குழைத்து, வெப்பத்தில் கெடாமல் வெளியூருக்கு அனுப்ப வழி கண்டார். கிண்டியில் இன்றும் இயங்கும் கிங் நோய்த்தடுப்பு நிலையம் அவர் பெயரில்தான். கைக்குக் கை முறை ஒழிந்த பிறகு எதிர்ப்பு தணிந்தது. அறிவுரை செய்யாததை நல்ல மருந்து செய்தது.

காலரா தண்ணீரில் பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா?

லண்டனில் ஜான் ஸ்னோ 1854இலேயே காட்டிவிட்டார். 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கே வந்து கிருமியைக் குளத்து நீரில் காட்டினார். இந்திய அரசின் மருத்துவ மேலிடத்தில் பலர் ஏற்கவில்லை. கெட்ட காற்று, மண், பருவம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தொற்று என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களைத் தனிமைப்படுத்த வேண்டும், சூயஸ் கால்வாய் வழி வணிகம் பாதிக்கும். அறிவியல் விவாதத்தின் பின்னால் சரக்குக் கப்பல்கள் நின்றன.

துறைமுக நகரமாயிற்றே, பிளேக் சென்னையை ஏன் பம்பாயைப் போலச் சூறையாடவில்லை?

1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. சென்னை மாகாணத்தில் சேலம், பெல்லாரி போன்ற உள்நாட்டு மாவட்டங்கள் அடிவாங்கின, தலைநகரம் பெருமளவு தப்பியது. தட்பவெப்பம் ஒரு காரணம் என்பார்கள். நிர்வாகம் செய்தது இது: நோய் உள்ள ஊரிலிருந்து வருபவர்களை ரயில் நிலையங்களில் பரிசோதித்து, பிளேக் பாஸ்போர்ட் என்ற சீட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். சீட்டு வாங்கியவர் பத்து நாள்கள் தினமும் அதிகாரி முன் வந்து உடம்பைக் காட்ட வேண்டும். புணேயில் சிப்பாய்கள் வீடு புகுந்து, மக்கள் கொதித்து, 1897இல் பிளேக் அதிகாரி ரேண்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அதோடு ஒப்பிட்டால் சென்னை முறை நாசூக்கானது. அதற்காகத் தொல்லை இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. அவமானம் யாருக்கு என்பது ரயில் பெட்டியின் வகுப்பைப் பொறுத்தது.

அந்த ஆண்டு அவசரமாக இயற்றிய தொற்றுநோய்ச் சட்டத்தைத்தான் 2020இல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுத்தார்கள்.

கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பது எது?

இன்றைய ஸ்டான்லி. ஹைதர் அலியின் படையெடுப்பால் பஞ்சம் வந்து, கிராமத்து மக்கள் நகருக்குள் கூட்டம் கூட்டமாக வந்தபோது, 1782இல் கஞ்சி ஊற்றும் சாவடி ஒன்று திறக்கப்பட்டது. மணியக்காரர் சாவடி என்பது அதன் பெயர். பட்டினியோடு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள், சாவடிக்குப் பக்கத்தில் மருத்துவமனையும் வளர்ந்தது. கோட்டைக்குள் 1664இல் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய அரசு பொது மருத்துவமனை. இரண்டின் பிறப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அன்றைய சுகாதார நிர்வாகத்தின் குணம் தெரியும்: ஒன்று படைக்காக, மற்றது பஞ்சத்துக்காக.

ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்தில் இறந்த பெண்களைப் பார்த்துத் தானே மருத்துவம் படித்தவர் மேரி ஷார்லிப். அவர் முயற்சியில் 1885இல் வந்த பெண்கள் மருத்துவமனைதான் திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா மருத்துவமனை. கோஷா (பெண்கள் திரைமறைவில் இருக்கும் வழக்கம்) ஆஸ்பத்திரி என்றால்தான் ஆட்டோக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

அப்படியானால் அன்று ஊர் சுத்தமாக இருந்ததா, இல்லையா?

எந்தத் தெரு என்று சொல்லுங்கள். பழைய புகைப்படங்களில் நாம் பார்ப்பது மவுண்ட் ரோடும் கடற்கரைச் சாலையும். சேரிகளைப் படம் பிடிக்க யாரும் கேமரா தூக்கிக்கொண்டு போகவில்லை. 1878இல் மாநகராட்சியில் பாதி இடங்களுக்குத் தேர்தல் வந்தது, ஆனால் வரி கட்டியவருக்கே ஓட்டு. ஓட்டு இருந்த தெருவில் விளக்கும் குழாயும் முந்தின.

நல்லதும் நடந்தது. 1939இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அந்த வகையில் முதலாவது, இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இதையெல்லாம் மேலும் படிக்க, நேரில் பார்க்க எங்கே போவது?

கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் இன்னும் வேலை செய்கிறது, உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். ஏழுகிணறு தெருவையும் அதன் பின்சந்துகளையும் காலையில் நடந்து பார்க்கலாம். ஆவணங்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் உண்டு. மாநகராட்சியின் ஆண்டறிக்கைகளைக் கேட்கும்போது முன்னுரையை விட்டுவிட்டுச் சுகாதார அலுவலரின் பகுதிக்கு நேராகப் போங்கள். பிறப்பு இறப்புக் கணக்கை வட்டவாரியாகப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். குழாய் எந்தத் தெரு வரை போனது என்பதை அந்த அட்டவணையோடு ஒத்துப் பார்க்க ஒரு பழைய வரைபடமும் வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை அலைய நேரிடும்.